டார்க் சைட் ஆஃப் தி மூன்: மேடையில் வளர்ந்து ஸ்டுடியோவில் முடிந்த ஆல்பம்

கேள்வி இதுதான்: பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை ஐம்பது வருடமாகத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே, அது எப்படி உருவானது? அதில் அப்படி என்ன இருக்கிறது? போதையில் கேட்கிறவர்களுக்கான இசைதானே அது?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் எந்த நிலையில் கேட்டார்களோ, அது அவர்கள் பாடு. செய்தவர்கள் தெளிவாக, கொஞ்சம் அலுப்பூட்டும் அளவுக்கு ஒழுங்காக வேலை பார்த்துச் செய்த ஆல்பம் இது. ஒலிப்பதிவு நாட்களில் அவர்களின் வேலையைக் கெடுத்ததாகச் சொல்லப்படுபவை இரண்டு: குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸுக்கு உயிரான ஆர்சனல் அணியின் கால்பந்து ஆட்டங்கள், பிபிசியில் வந்துகொண்டிருந்த மாண்டி பைத்தான் நகைச்சுவைத் தொடர்.

ராக் குழுக்களின் வழக்கம் என்னவென்றால், முதலில் ஆல்பத்தைப் பதிவு செய்து வெளியிடுவார்கள். பிறகு அதை விற்பதற்காக ஊர் ஊராகப் போய் வாசிப்பார்கள். இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். ஆல்பம் கடைக்கு வந்தது 1973 மார்ச்சில். ஆனால் அதன் முழு வரிசையையும் 1972 ஜனவரியிலிருந்தே மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கால நாடகக் கம்பெனிகள் ஒரு நாடகத்தை ஊருக்கு ஊர் போட்டு, எங்கே ஜனம் நெளிகிறது, எங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்குவார்களே, அந்த மாதிரி. இந்த ஆல்பத்தில் தேவையில்லாத ஒரு நிமிடம்கூட இல்லை என்று பலருக்கும் தோன்றுவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழுவின் முதல் பாடலாசிரியரும் முகமுமாக இருந்த சிட் பாரெட், மனநிலை குலைந்து 1968இல் விலக நேர்ந்தது. அவர் இடத்துக்கு டேவிட் கில்மோர் வந்தார், கிட்டாரோடு. வாட்டர்ஸ் பேஸ் கிட்டார், ரிச்சர்ட் ரைட் கீபோர்டு, நிக் மேசன் டிரம்ஸ். அடுத்த சில வருடங்கள் நீளமான, சோதனை முயற்சியான பாடல்களாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு, பொறுமையைச் சோதிப்பவையும் உண்டு. 1971இன் இறுதியில் லண்டனின் கேம்டன் பகுதியில் இருந்த மேசனின் வீட்டில் கூடிப் பேசியபோது வாட்டர்ஸ் ஒரு யோசனையை வைத்தார்: மனிதனைப் பைத்தியமாக்கும் விஷயங்கள் எவை எவையோ, அவற்றை வைத்தே முழு ஆல்பமும். பணம், ஓடிக்கொண்டே இருக்கும் காலம், ஓயாத பயணம், சாவு, போர், கடைசியில் பைத்தியம். பாடல் வரிகள் எளிமையாக, நேராக இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார். பிங்க் ஃபிளாய்டு ஆல்பம் ஒன்றில் எல்லாப் பாடல் வரிகளையும் வாட்டர்ஸ் ஒருவரே எழுதியது இதுதான் முதல் முறை. அப்போது அவருக்கு வயது 28. வாழ்க்கைக்குத் தயாராகிக்கொண்டே இருக்கிறோம் என்று நினைத்திருந்தவருக்கு, அது எப்போதோ தொடங்கிவிட்டது என்று உறைத்ததாம். 'டைம்' பாடல் அங்கிருந்து வந்தது.

1972 ஜனவரி 20 அன்று பிரைட்டன் நகரில் முதல் மேடை. பாதி தூரம் போய் 'மணி' பாடலில் டேப் சிக்கலால் நின்றுபோனது. மறுநாள் போர்ட்ஸ்மவுத்தில்தான் முழுதாக வாசித்தார்கள். அப்போதும் முடிவு சரியாக இல்லை; ஏதோ அந்தரத்தில் தொங்கியது. சுற்றுப்பயணம் தொடங்கிய பிறகுதான் வாட்டர்ஸ் 'எக்லிப்ஸ்' என்ற கடைசிப் பாடலை எழுதிச் சேர்த்தார். இன்று அந்தப் பாடல் இல்லாமல் இந்த ஆல்பத்தை நினைத்துப் பார்க்க முடியுமா? பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் பத்திரிகைக்காரர்களுக்கு முன் வாசித்தார்கள். யாரோ அதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து இசைத்தட்டாகவே விற்றுவிட்டார்கள். ஆல்பம் வருவதற்கு ஓராண்டு முன்பே!

தலைப்பிலும் ஒரு குழப்பம். மெடிசின் ஹெட் என்ற இன்னொரு குழு 1972இல் இதே தலைப்பில் ஓர் ஆல்பம் போட்டுவிட்டது. இவர்கள் 'எக்லிப்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். மெடிசின் ஹெட்டின் ஆல்பம் ஓடவில்லை. இவர்கள் பழைய தலைப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவு லண்டன் ஆபி ரோட்டில் உள்ள இஎம்ஐ ஸ்டுடியோவில் 1972 கோடையில் தொடங்கி, சுற்றுப்பயணங்களுக்கு நடுவே விட்டு விட்டு, 1973 தொடக்கம் வரை போனது. பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். பீட்டில்ஸின் கடைசிக் காலப் பதிவுகளில் உதவியாளராக இருந்த இளைஞர். கையில் இருந்தது 16 டிராக் டேப் இயந்திரம். கணினி கிடையாது. ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வர வேண்டுமென்றால், டேப்பை வெட்டி, ஒட்டி, வளையமாக்கி ஓட விட வேண்டும்.

'மணி' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். காசு குலுங்குகிறது, காகிதம் கிழிகிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. வாட்டர்ஸ் தன் தோட்டத்துக் கொட்டகையில், மண்பாண்டம் செய்யும் மனைவியின் கிண்ணம் ஒன்றில் காசுகளைப் போட்டுக் குலுக்கிப் பதிவு செய்ததிலிருந்து ஆரம்பித்த வேலை அது. ஸ்டுடியோவில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எத்தனை அங்குல டேப் என்று அளவுகோல் வைத்து அளந்து, வெட்டி, ஏழு எண்ணிக்கைக்குச் சரியாக ஒட்டினார்கள். பாட்டே ஏழு எண்ணிக்கையில்தான் போகிறது. மிஸ்ர சாப்பு கேட்டு வளர்ந்த நமக்கு ஏழு ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் மேற்கத்திய ராக்கில், அதுவும் வானொலியில் ஓடும் பாட்டில், அது அபூர்வம். டிக் பாரியின் சாக்ஸபோன் முடிந்து கில்மோரின் கிட்டார் தொடங்கும்போது தாளம் நாலுக்கு மாறுகிறது. அந்த இடத்தில் பாட்டு சட்டென்று முன்னே பாய்கிற மாதிரி இருக்கும். கிட்டார் பகுதியின் நடுவே எதிரொலி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஒரு சின்ன அறையில் வாசிப்பது போல வறண்ட ஒலிக்கு வருவார்கள். பிறகு மறுபடி முழு வெள்ளம். அந்த வறண்ட நடுப்பகுதி இல்லாவிட்டால் பின்னால் வரும் வெள்ளத்துக்கு மதிப்பே இருக்காது.

'டைம்' தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அடிக்கும் கடிகாரங்கள் இந்தப் பாட்டுக்காகப் பதிவு செய்யப்பட்டவை அல்ல. நாலு ஸ்பீக்கர் ஒலி முறையை விளக்கிக் காட்டுவதற்காக, ஒரு பழைய கடிகாரக் கடையில் பார்சன்ஸ் ஒவ்வொரு கடிகாரமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். இந்தப் பாட்டு வந்ததும் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வரும் 'டிக் டிக்' சத்தத்தைக் கடிகாரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது வாட்டர்ஸ் பேஸ் கிட்டாரின் கம்பிகளை அடக்கி வாசித்தது.

மேடையில் வளர்ந்தது என்றேன். ஆனால் மேடையில் இருந்ததை அப்படியே பதிவு செய்துவிடவில்லை. சரிவராததைத் தூக்கி எறியவும் துணிந்தார்கள். பயணத்தைப் பற்றிய பகுதி மேடையில் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும் ஒரு சாதாரணப் பகுதியாக இருந்தது. ஸ்டுடியோவுக்கு சின்தி ஏகேஎஸ் என்ற சின்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி, வந்தது. ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அதில் எட்டு சுரங்களைப் போட்டு வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். பழையது குப்பைக்குப் போய் 'ஆன் தி ரன்' பிறந்தது. ஆல்பத்திலேயே வயதாகிப்போனது இந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன். 1973இல் எதிர்காலத்தின் சத்தம்; இன்று எந்த மடிக்கணினியிலும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனாலும் அடுத்து வரும் கடிகாரங்களுக்கு அது தரும் பதற்றம் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு பகுதி, சாவைப் பற்றியது. மேடையில் அது ரைட்டின் ஆர்கன் இசைக்கு மேல் பைபிள் வாசகங்களும் மதப் பேச்சும் ஓடும் பகுதியாக இருந்தது. ரைட் அதை அழகான பியானோ வரிசையாக மாற்றினார். அதற்கு மேலே என்ன வைப்பது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. வேலை முடியப் போகும் நேரத்தில் பார்சன்ஸ் ஒரு பெயரைச் சொன்னார்: கிளேர் டோரி. வயது 25. பெரிய பெயர் இல்லாத ஸ்டுடியோ பாடகி. 1973 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தார். வார்த்தைகள் கிடையாது, சாவைப் பற்றிய பாட்டு, உணர்ச்சி வேண்டும் என்றார்கள். முதலில் வழக்கமான பாட்டுக்காரப் பெண்கள் போல "பேபி, பேபி" என்று ஆரம்பித்திருக்கிறார். அது வேண்டாம் என்றார்கள். பிறகு, நானும் ஓர் இசைக்கருவி என்று நினைத்துக்கொண்டு பாடியதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை முழுதாகப் பாடினார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டார், பாடியதையே பாடுகிறோம் என்று. வெளியே வந்து, கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேனோ என்று வருத்தம் வேறு தெரிவித்தாராம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைக் கூலி, 30 பவுன். தன் குரலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதே கடையில் ஆல்பத்தைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்ற அந்தப் பாட்டில் மெட்டே அவர் தொண்டையில் பிறந்ததுதான். ஆனால் இசையமைப்பாளர் என்று பல ஆண்டுகள் ரைட்டின் பெயர் மட்டுமே இருந்தது. 2004இல் டோரி வழக்குத் தொடுத்தார்; 2005இல் சமரசமாகி, அன்றிலிருந்து அவர் பெயரும் சேர்ந்து வருகிறது. முப்பது வருடத் தாமதம்.

பாடல்களை இணைக்கும் பேச்சுக்குரல்கள் தனிக்கதை. வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதினார். பிடித்த நிறம் என்ன என்பது போன்ற சாதாரணக் கேள்வியில் தொடங்கி, கடைசியாக எப்போது கை நீட்டினாய், உன் பக்கம் நியாயம் இருந்ததா, சாகப் பயமா என்று போகும். ஸ்டுடியோவில் யார் கிடைத்தாலும் மைக் முன் உட்கார வைத்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்ல வைத்தார்கள். பக்கத்து அறையில் வேலையாக இருந்த பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூடப் பதில் சொன்னார்கள். அவர்களுடையதைப் பயன்படுத்தவில்லை; சுவாரசியமாகப் பேச வேண்டும் என்று முயன்றது தெரிந்ததாம். ஆனால் மெக்கார்ட்னியின் அப்போதைய குழுவில் இருந்த ஹென்றி மெக்கல்லக், தெரியாது, அப்போது நன்றாகக் குடித்திருந்தேன் என்கிற மாதிரி யதார்த்தமாகச் சொன்னது உள்ளே போனது. ஆல்பத்தில் கேட்கும் அந்தப் பைத்தியச் சிரிப்பு, குழுவின் சாமான் ஏற்றி இறக்கும் பொறுப்பில் இருந்த பீட்டர் வாட்ஸுடையது. நடிகை நயோமி வாட்ஸின் அப்பா. கடைசியில் இதயத் துடிப்புக்கு நடுவே, நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று கிடையாது, முழுக்கவே இருட்டுதான் என்று சொல்லும் குரல், ஆபி ரோடு ஸ்டுடியோவின் வாயிற்காவலர் ஜெரி ஓ'டிரிஸ்காலுடையது. உலகப் புகழ் பெற்ற பீட்டிலை வெட்டிவிட்டு, வாசலில் நின்றவருக்குக் கடைசிச் சொல்லைக் கொடுத்தார்கள். அந்தக் காதுதான் இந்த ஆல்பத்தின் பெரிய பலம்.

'அஸ் அண்ட் தெம்' பாட்டுக்கும் ஒரு முன்கதை உண்டு. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக ரைட் செய்த பியானோ மெட்டு அது. கலவரக் காட்சிக்கானது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சோகமாக இருக்கிறது, தேவாலய ஞாபகம் வருகிறது என்கிற மாதிரிச் சொல்லி இயக்குநர் திருப்பிவிட்டார். இரண்டு வருடம் சும்மா கிடந்த மெட்டுக்கு வாட்டர்ஸ் போரைப் பற்றி வரி எழுதினார். அவருடைய அப்பா 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தவர். பிள்ளைக்கு அப்போது வயது ஒன்றுகூட ஆகவில்லை. முன்னே போ என்று பின்னால் நின்று சொல்லும் தளபதிகளைப் பற்றி அவர் எழுதும்போது குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உச்சம் 'மணி'யும் இல்லை, 'டைமு'ம் இல்லை, இதுதான். ரைட்டின் மென்மையும் வாட்டர்ஸின் கோபமும் சரிசமமாக நின்ற பாட்டு.

'பிரெய்ன் டேமேஜ்' பாரெட்டை நினைத்து எழுதியது. அதில் வரும் புல்வெளி, வாட்டர்ஸும் பாரெட்டும் வளர்ந்த கேம்பிரிட்ஜ் நகரில் உள்ளது. மிதிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் ரகம். மிதிக்கிறவன் பைத்தியமா, மிதிக்காதே என்று பலகை வைத்தவன் பைத்தியமா என்ற கேள்வி பாட்டுக்குள் இருக்கிறது.

இறுதிக் கலவையின்போது சண்டை. வாட்டர்ஸுக்கு வறண்ட, தெளிவான ஒலி வேண்டும்; பேச்சுக்குரல்கள் எடுப்பாக இருக்க வேண்டும். கில்மோருக்கும் ரைட்டுக்கும் எதிரொலியோடு, குரல்கள் அடங்கி இருக்க வேண்டும். நடுவராக இசைத் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸை அழைத்து வந்தார்கள். யாருமே முழுதாக ஜெயிக்காததால் ஆல்பம் பிழைத்தது.

அட்டைப்படம் ஹிப்னோசிஸ் நிறுவனத்தின் வேலை. ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் நடத்தியது. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. இதற்கு முந்தைய ஆல்பங்களின் அட்டையில் பசுவெல்லாம் வந்திருந்தது. இந்த முறை எளிமையாக, நேர்த்தியாக வேண்டும் என்று ரைட் கேட்டார். கறுப்புப் பின்னணி, ஒரு முப்பட்டகம், உள்ளே வெள்ளை ஒளி, வெளியே வானவில். குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. வேறு சில மாதிரிகளும் கொண்டுபோயிருந்தார்கள். குழு அவற்றைப் பார்த்து விவாதிக்கவே இல்லை, சில நிமிடங்களில் இது என்று முடித்துவிட்டார்கள். எண்ணிப் பாருங்கள், அந்த வானவில்லில் ஆறு நிறம்தான்.

இனி விற்பனை. இதில் நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார், பலருக்கும் தெரியாது. பிங்க் ஃபிளாய்டுக்கு அமெரிக்காவில் அதுவரை பெரிய சந்தை இல்லை. அங்கே அவர்களின் நிறுவனமான கேபிட்டல் மீது வெறுத்துப்போய், வேறு நிறுவனத்துக்கு மாற முடிவு செய்திருந்தார்கள். அப்போது கேபிட்டலின் தலைவர் திருவனந்தபுரத்தில் பிறந்த பாஸ்கர் மேனன். இந்திய கிராமபோன் கம்பெனியிலிருந்து மேலே வந்தவர். குழு பிரான்சின் மார்செய் நகரில் ஒரு பாலே நிகழ்ச்சிக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது நேரில் போய்ப் பேசி, இந்த ஓர் ஆல்பத்தையாவது கேபிட்டலுக்கு வாங்கிவிட்டார். பிறகு அமெரிக்கா முழுக்க விளம்பரத்தை முடுக்கிவிட்டார். அமெரிக்க வெற்றிக்கு மேனன்தான் காரணம் என்று மேசனே பிற்பாடு மனம் திறந்து பாராட்டியிருக்கிறார். மேனன் 2021இல் காலமானார்.

வெளியீட்டு விழா லண்டன் கோளரங்கில். நாலு ஸ்பீக்கர் கலவை தயாராகவில்லை, சாதாரண ஒலியில் போட்டுக் காட்டுவதா என்று ரைட் தவிர மற்றவர்கள் போகவில்லை. அவர்களுக்குப் பதில் ஆள் உயர அட்டை உருவங்கள் நின்றன. அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் ஆல்பம் இருந்தது ஒரே ஒரு வாரம்தான். பிரிட்டனில் இரண்டாம் இடம். ஆனால் அமெரிக்காவின் அந்த பில்போர்டு 200 பட்டியலில் 1973இலிருந்து 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. உலக விற்பனை நாலரைக் கோடிக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வந்த பணத்தில் கொஞ்சத்தை, மாண்டி பைத்தான் குழுவின் 'ஹோலி கிரெயில்' படத்தில் போட்டார்கள். டிவி பார்த்துக் கெட்ட நேரத்துக்கு வட்டி!

'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தோடு சேர்த்து ஓட்டினால் காட்சிக்குக் காட்சி பொருந்துகிறது என்ற கதையும் கேட்டிருப்பீர்கள். பார்சன்ஸும் குழுவினரும் மறுத்துவிட்டார்கள். 43 நிமிட இசையை எந்தப் படத்தோடு ஓட்டினாலும் பத்து இடத்தில் பொருந்தத்தான் செய்யும்.

வெற்றிக்குப் பிறகு நால்வருக்குள் இடைவெளி விழுந்தது. 1985இல் வாட்டர்ஸ் விலகினார். 1994 சுற்றுப்பயணத்தில் மற்ற மூவரும் இந்த ஆல்பத்தை முழுதாக மேடையில் வாசித்தார்கள். 2005 ஜூலையில் லண்டன் ஹைடு பார்க்கில் நடந்த லைவ் 8 மேடையில் நால்வரும் ஒரே ஒரு முறை சேர்ந்தார்கள்; இந்த ஆல்பத்தின் தொடக்கத்தில்தான் ஆரம்பித்தார்கள். 2008இல் ரைட் இறந்தார். 2023இல் வாட்டர்ஸ் தனியாக முழு ஆல்பத்தையும் மறுபடி பதிவு செய்து வெளியிட்டார். கிட்டார் தனி வாசிப்புகள் இல்லை. டோரி பாடிய இடத்தில் வாட்டர்ஸின் முதிய குரல் பேசிக்கொண்டிருக்கிறது. மோசமான பதிவு என்று சொல்ல மாட்டேன், வரிகளின் கனம் அதில் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் மூலத்தில் எது கில்மோருடையது, எது ரைட்டுடையது, எது டோரியுடையது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. இல்லாத இடமெல்லாம் அவர்களுடையது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். பாடல்களுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் செய்தது இது, இசைத்தட்டைத் திருப்பிப் போடும் ஓர் இடத்தைத் தவிர. அதனால் கைப்பேசியில் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிட்டு, வரிசையாக, முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள். இசைச் செயலியில் விளம்பரம் வரும் இலவசக் கணக்கு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். 'அஸ் அண்ட் தெம்' முடிந்து அடுத்தது வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் பற்பசை விளம்பரம் வந்தால் அத்தோடு போச்சு.